எந்தத் தண்ணீரில் கழுவுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் நலப் பக்கத்தில் கீரை, காய்களில் வரும் கிருமித் தொற்று பற்றிய கட்டுரை படித்தேன். ஈ.கோலை, சால்மொனெல்லா என்ற கிருமிகளைப் பற்றியெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ‘பெண்கள் சோம்பல் பார்க்காமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் அலசினாலே பாதித் தொல்லை தீரும்’ என்ற வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் இன்றும் தெருக்குழாயோடு இணைத்த அடிபம்புதான். அடித்தால் முதலில் சாக்கடை வாடையோடு கறுப்பாக வரும். அதைக் கொட்டிவிட்டுத் தெளிந்த பிறகுதான் குடம் வைப்போம். தெளிந்துவிட்டால் கிருமி இல்லை என்று ஆகிவிடுமா? தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே புகுந்துவிடும். இது உங்களுக்குத் தெரியாததில்லை. என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது, "வெளியே என்னம்மா வாங்கிக் கொடுத்தீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். அவள் வெளியே சாப்பிடுகிறவளே இல்லை. டைபாய்டும் சால்மொனெல்லா வகைதானே ஐயா?

சந்தையில் கீரை விற்கும் அக்கா, பழைய பெயிண்ட் பக்கெட்டிலிருந்து தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துக்கொண்டே இருப்பார். காலையில் பிடித்த தண்ணீர் வெயில் ஏறுவதற்குள் மண்ணும் தழையுமாகக் கலங்கிவிடும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாடினால் ஒரு கட்டுகூடப் போகாது. அங்கே குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, கை கழுவ இடமும் கிடையாது. 1996-ல் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய வளாகம் வந்தது. எங்கள் பக்கத்துச் சந்தையில் இன்றும் சாக்கை விரித்துத் தரையில்தான் கீரை.

கீரையைக் கடையும்போது கொதியில் கிருமி செத்துவிடும், சரி. பச்சையாக அரைக்கிற புதினா, ரசத்தில் தூவுகிற கொத்தமல்லி, குழந்தைகள் கடிக்கிற வெள்ளரிக்கு என்ன வழி? 2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி போட்டார்கள். கடைசியில் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. விதையோடு வந்த கிருமி என்றார்கள். அங்கே எந்தப் பெண் சோம்பல் பட்டாள்?

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். ரவுடி கைது, மழை வெள்ளம் என்றால் வடசென்னை அதில் வருகிறது. எங்கள் குடத்துத் தண்ணீர் ஒரு நாளும் வந்ததில்லை. அதைச் சொல்லி நான் எழுதிய கடிதங்களும் வந்ததில்லை.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் சந்தேகம் இருந்தால், பச்சையாகச் சாப்பிடுவதைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ‘சோம்பல்’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை-39