அப்பா காஸாவில் இருந்தார்: எழுத்தில் ஏற்றித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

1965இல் அப்பா காஸாவில் பணியாற்றினார் என்பது அவருடைய ராணுவப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ரெக்கார்டு ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தில் கப்பல் ஏறிய தேதி, திரும்பி வந்து இறங்கிய தேதி, ஐ.நா. அவசரப் படை என்ற பெயர் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இதற்காக உழைத்தவர்களில் பாதிப் பேர் அப்பாவை நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு ஓர் ஆள் பட்டாளத்துக்குப் போகிற ஊர். 1961இல் சேர்ந்தார், லாரி டிரைவர். ஹவில்தாராக வெளியே வந்து, பெங்களூரில் பி.டி.எஸ். பஸ் ஓட்டி, அல்சூரிலேயே எங்களை வளர்த்தார். சின்ன வயதில் நாங்கள் கேட்ட கதைகளில் பாதி காஸா கதைகள். பம்பாயில் கப்பல் ஏறியது, மணல் காற்றில் லாரியின் முன் கண்ணாடி தெரியாமல் போனது, செக்போஸ்டுகளுக்குத் தண்ணீரும் ரேஷனும் கொண்டு போனது, வண்டியை மறித்து ஆரஞ்சுப் பழம் கொடுத்த பிள்ளைகள்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. 1956இல் எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியது. இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. அவர்களை விலக்கி எல்லையில் அமைதி காக்க ஐ.நா. அந்த நவம்பரில் ஒரு படை அமைத்தது. அதில் தொடக்கத்திலிருந்து 1967 வரை இந்திய ஜவான்கள் இருந்தார்கள். நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் அந்த மணலில் நின்றிருக்கிறார்கள். அது இன்று பலருக்கும் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஆன்லைன் பென்ஷன் முறைக்கு மாறிய பிறகு அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்காக அப்பாவின் ஷீட் ரோல், அதாவது ராணுவப் பணி விவரத் தாளின் நகலை வாங்கினோம். வெளிநாட்டுச் சேவை என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "நான் போகவே இல்லைன்னு எழுதியிருக்காங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "67ல அங்க செத்துப் போனாங்களே, அவங்க பேராவது ஒழுங்கா எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். 1967 ஜூனில் போர் மூண்டபோது, ஊர் திரும்பக் காத்திருந்த இந்திய ஜவான்கள் சிலர் காஸாவில் உயிரிழந்தார்கள். அப்பா திரும்பி வந்த பிறகு நடந்தது அது. அந்தச் செய்தியை அவர் இன்னும் மறக்கவில்லை.

இதைத் திருத்துவதால் பென்ஷனில் ஒரு பைசாகூட ஏறாது. தெரிந்துதான் இறங்கினோம்.

முதல் நன்றி எங்கள் தெருவின் சுபேதார் மாமாவுக்கு. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர், குடகுக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஷீட் ரோலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பார்ட் டூ ஆர்டர் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்" என்றார். ஒரு ஜவானுக்கு என்ன நடந்தாலும், லீவு, மாற்றல், திருமணம், குழந்தை, எதுவானாலும் அவருடைய யூனிட் அதைப் பார்ட் டூ ஆர்டராக வெளியிட வேண்டும். அதன் பிரதி ரெக்கார்டு ஆபீஸுக்குப் போனால்தான் பதிவேட்டில் ஏறும். அப்பா மாதிரி காஸாவுக்குப் போன சிலரைப் பல யூனிட்டுகளிலிருந்து எடுத்து ஒன்று சேர்த்தார்கள். அங்கே இருந்த காலத்து ஆர்டர்களை வெளியிட்டது அந்தத் தற்காலிகப் படை. திரும்பி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நடுவில் ஒரு காகிதம் தவறினால் அந்த வருடமே தவறிவிடும். மாமா இதைப் பொறுமையாக விளக்கியபோதுதான் அப்பாவின் முகம் தெளிந்தது. தன்னை யாரும் பொய்யன் என்று சொல்லவில்லை என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது. விண்ணப்பத்தை மாமாதான் எழுதினார். ஆர்.டி.ஐ. மனுவுக்கான பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரைக்கூட அவரே வாங்கி வந்தார்.

சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. எங்களிடம் இருந்தது ஐ.நா. கொடுத்த மெடல். மணல் நிற ரிப்பன், நடுவில் ஐ.நா.வின் நீலம், ஓரங்களில் மெல்லிய கோடுகள். அப்பா அதைப் பெட்டியில் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். நம் நாட்டு மெடல்களில் விளிம்பிலேயே நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். ஐ.நா. மெடலில் பெயர் கிடையாது. இது யாருடையதாகவும் இருக்கலாம் என்று சொன்னால் மறுக்க வழியில்லை.

அப்புறம்தான் ஆம்பூர் பெரியம்மா. அப்பாவோடு காஸாவில் ஒரே கூடாரத்தில் இருந்தவரின் மனைவி. அந்தக் கணவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. பெரியம்மா ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்து கடிதங்களை எடுத்துப் பாயில் வரிசையாக அடுக்கினார். கல்யாணமான புதிதில் கணவர் எழுதியவை. இன்னொருவர் படிக்கக் கொடுக்கிற கடிதங்களா அவை? பெரியம்மா கொடுத்தார். "அண்ணனுக்கு ஆகும்னா எடுத்துட்டுப் போம்மா" என்றார். அதில் ஒரு கடிதத்தில் கம்மவான்பேட்டைக்காரர் என்று அப்பாவின் பெயரும், இருவரும் சேர்ந்து பொங்கல் வைத்ததும், வெல்லம் கிடைக்காமல் சர்க்கரை போட்டதும் எழுதியிருந்தது. நீல மை, மடித்த இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது. அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். சர்க்கரை போட்டது தன் யோசனைதான் என்றார்.

அந்தக் கவரின்மேல் ஒட்டியிருந்த தபால் தலைதான் எங்களுக்குப் பெரிய துணையாக வந்தது. நேரு படம் போட்ட 15 பைசா தலை. அதன்மேல் யு.என்.இ.எஃப். என்று, ஐ.நா. அவசரப் படையின் பெயர்ச் சுருக்கமாக, நான்கு ஆங்கில எழுத்துகள் தனியாக அச்சிட்டிருந்தன. பெங்களூரு ஜி.பி.ஓ.வில் தபால்தலைப் பிரிவில் விசாரித்தபோது, அங்கே வந்திருந்த மல்லேஸ்வரத்துப் பெரியவர் ஒருவர் அருகே வந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். காஸாவில் இருந்த நம் படையின் ராணுவத் தபால் நிலையத்துக்காகவே 1965இல் இப்படி அச்சிட்டுக் கொடுத்தார்கள் என்றார். அதற்கு முன் கொரியாவுக்கும் காங்கோவுக்கும் போன நம் படைகளுக்கும் இதே மாதிரி தனியாக அச்சிட்ட தலைகள் உண்டாம். கவரில் விழுந்த முத்திரையின் தேதியையும் அவரே படித்துச் சொன்னார். இதையெல்லாம் கன்னடத்தில் இரண்டு பக்கம் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சேகரிப்பவர் என்பதால் அந்தத் தலை மேல் அவருக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் விலை பேசவே இல்லை. "கவரோடு இருந்தால்தான் இது சாட்சி, பிரித்துவிடாதே மகளே" என்று எச்சரித்து அனுப்பினார். சார், உங்கள் நல்ல மனதை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடிதத்தையும் கவரையும் ஸ்கேன் செய்து தந்த அல்சூர் மார்க்கெட் ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்த ஆசிரியைக்கும், சத்தியப் பிரமாணத்துக்குக் கட்டணம் வாங்காத வழக்கறிஞர் தங்கைக்கும் நன்றி.

கடைசியில் காகிதத்தைக் கண்டெடுத்தவர் ரெக்கார்டு ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதத்தின் தேதி கிடைத்ததால் எந்த வருடத்துக் கட்டைப் பிரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்து கிளார்க்குகள் தமிழ்ப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதிவிடுவார்கள், இனிஷியல் எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். ஆர்மி நம்பர் மட்டும் மாறாது. பொடிந்துபோகிற தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்த நம்பரை ஒரு பழைய பார்ட் டூ ஆர்டரில் பிடித்துவிட்டார். அப்பாவின் பெயரில் மூன்று எழுத்து தப்பு. நம்பர் அச்சாக இருந்தது. தன் வேலைதான் என்று அவர் சொல்வார். மூடி வைத்த கட்டைப் பிரிக்காமல் "கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தாலும் யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் பிரித்துப் பார்த்தார். அம்மா, உங்களுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

பதிவு திருத்தப்பட்டதால் அப்பாவுக்கு விதேஷ் சேவா மெடலும் கிடைத்தது. வெளிநாட்டுச் சேவைக்காக 1960இல் ஏற்படுத்திய மெடல். விளிம்பில் அவருடைய நம்பரும் பெயரும் இருக்கின்றன. 1988இல் ஐ.நா. அமைதிப் படைகளுக்கு நோபல் அமைதிப் பரிசு கொடுத்தபோது வந்த செய்தியை அப்பா கத்தரித்து வைத்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் "இது எங்களுக்கும் சேர்த்துத்தான்" என்று சொன்னார். இப்போது 83 வயதில் அதையே இன்னும் சத்தமாகச் சொல்கிறார்.

பெரியம்மாவின் கடிதங்களை நானே ஆம்பூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவருடைய கணவரின் பதிவேட்டிலும் காஸா இல்லை. அவருக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று, சுபேதார் மாமாதான் எழுதினார். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 1965, 66இல் காஸாவில் லாரி ஓட்டியவர்கள், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். பழைய கடிதம் இருந்தால் கவரோடு எடுத்து வையுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஹவில்தாரின் மகள்,
அல்சூர், பெங்களூரு