அந்த பெரிய சேர்வர் வேணாம் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன்ல பேசினா நீயும் கோவப்படுற, எனக்கும் சத்தம் கூடிருது, அதான் எழுதுறேன். புரோகிராமிங் பழக கடன் பட்டு ஒரு பழைய ரெக் சேர்வர, அதான் கம்பெனிகள்ல ராப்பகலா ஓடுற பெரிய கம்பியூட்டர, வாங்கப் போறேன்னு சொன்னியே, அத வாங்காதம்மா. பெக்டரியில இத்தன வருசமா மோட்டர் பாக்குறவன் சொல்றேன், சாமானோட வெலைய மட்டும் பாக்கக்கூடாது, ஓட்டுற செலவையும் பாக்கணும். அந்த மாதிரி பெட்டி சும்மா கெடந்தாலே 100 வொட் இழுக்கும், ராப்பகலா போட்டா மாசம் 72 யூனிட், நம்ம வீட்டுக்கு மொத்தமாவே 55 யூனிட்தான் வருது, 60 தாண்டினா ரேட்டே வேற. போடிங் ரூம்ல அந்த ஃபேன் சத்தத்துல உனக்கு தூக்கமும் வராது.

நீ விட்டுட்டுப் போன லெப்டொப்ப கழட்டினேன். ஃபேனுக்குள்ள தூசி பஞ்சு மாதிரி அடைச்சிக் கெடந்துச்சு, பெயின்ட் பிரஷ்ல மெதுவா தட்டி எடுத்து, சூட்ட இழுக்குற புது பேஸ்ட்ட சிப் மேல வச்சி, ஸ்கிரீன அணைச்சிட்டு மீட்டர்ல பாத்தா 11 வொட். மாசம் 8 யூனிட், அவ்வளவுதான். பெட்டரி ஊதல, கரண்ட் போனாலும் ஒரு மணித்தியாலம் தாங்குது, அதுவே யூபிஎஸ். தம்பி அதுல விண்டோஸுக்கு பதிலா டெபியன்னு ஒரு லினக்ஸ, படம் ஐகன் ஒன்னும் இல்லாம எழுத்து மட்டும் வர்ற மாதிரி போட்டுட்டான், இனி அதுதான் நம்ம சேர்வர். மூடிய சாத்தினா தூங்கிருச்சு, அந்த செட்டிங்க கண்டுபிடிக்க ரெண்டு நாள் போச்சு, இப்ப மூடி வச்சாலும் ஓடுது.

நம்ம 4ஜி ரவுட்டருக்கு தனியா வெளி ஐபி, அதான் இன்டர்நெட்ல இருந்து நேரா வர்ற விலாசம், இல்ல, அதனால ரவுட்டர்ல போர்ட்ங்கிற வாசல தெறந்து பிரயோசனம் இல்ல, தூரத்து கம்பியூட்டர்கள தனி வழியில சேக்குற டெய்ல்ஸ்கேல் போட்டிருக்கு, நீ கொழும்பு வெள்ளவத்தையில இருந்தே எஸ்எஸ்எச்ல, அதான் தூரத்துல இருந்து கட்டளை அடிக்கிற வழியில, உள்ள வரலாம். வந்தோன்ன பாஸ்வேர்ட்ட நிப்பாட்டிட்டு, உன் கம்பியூட்டர்ல இருக்குற கீ ஃபைல மட்டும் சாவியா வச்சிக்க.

ஒன்ன மட்டும் மறக்காத. அந்த ஏப்ரல் மாசத்து பின்னேரம் ஞாபகமா, பக்கத்து லயத்துக்கு, அந்த தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கூரை மேலால நான் இழுத்திருந்த நெட்வொர்க் கேபிள். இடி இடிக்க முந்தி கரண்ட் ப்ளக்க கழட்டினேன், அந்த கேபிள கழட்டல. அது வழியா வந்து ரவுட்டர்ல வயர் சொருகுற எடம் கரியாப் போச்சு, கம்பியூட்டரோட டிஸ்க்கும் போச்சு, உன் சின்ன வயசு போட்டோ எல்லாம் அதுலதான். இன்னும் மனசு ஆறல. செம்பு வயர் வீட்டுக்கு வெளிய போகவே கூடாது, கண்ணாடி ஃபைபர்ல கரண்ட் பாயாது, அது வேற. இப்ப ரெண்டாவது டிஸ்க்ல கிழமைக்கு ஒருக்கா கொப்பி எடுத்து, கழட்டி அலுமாரியில வைக்கிறேன். சொருகியே கெடக்குற டிஸ்க் பெக்கப் இல்லம்மா.

புரோகிராமிங் பழக வீடியோவா பாத்துக்கிட்டு இருக்காத. அம்மா தெனம் தராசுல நிறுத்த தேயிலைக் கொழுந்து கிலோவ கொப்பியில எழுதுறா தெரியுமா, மாசக் கடைசியில செக்ரோலோட, அதான் தோட்டத்து சம்பளப் பதிவோட, பாத்தா எங்கயோ ஒதைக்கும், எந்த நாளுன்னு அவளுக்கு புடிபடாது. போன மாசமும் முழுப்பேர், அதான் முழு நாள் சம்பளம், எடுத்த ரெண்டு நாள் அரைப்பேரா, அரை நாளா, விழுந்திருந்துச்சு. அத நீ பைத்தன்ல எழுது. தேதி, காலை கிலோ, பகல் கிலோ, அந்தி கிலோ, முழுப்பேரா அரைப்பேரா. இதெல்லாம் சேத்து வைக்கிற எஸ்கியூலைட் டேட்டாபேஸ் பைத்தனோடயே வருது, வேற ஒன்னும் தேவல்ல. மொதல்ல தப்பு தப்பா வரும், வரட்டும், நம்ம சேர்வர்லயே ஓட்டிப் பாரு, ஒடைஞ்சா தம்பி திரும்ப போட்டுருவான்.

கொப்பியோட கடைசி மூணு மாசத்த அம்மா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கா. மழையில நனைஞ்சி ரெண்டு பக்கம் மை கலைஞ்சிருக்கு, வாசிக்க முடியாத எடத்த அவகிட்டயே கேளு, அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்பா