பெண்களுக்கும் டெக்கத்லானைக் கொடுங்கள்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கும் உலகத் தடகள அமைப்புக்கும் வணக்கம். கோலூன்றித் தாண்டுதல், வட்டெறிதல் உட்படப் பத்துத் தடகளப் போட்டிகள் சேர்ந்த டெக்கத்லானை ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் நடத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க வீராங்கனை ஸ்டேசி டிராகிலாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2000 செப்டம்பர் 25, சிட்னி. கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரில் தங்கம் வாங்கிய அதே இரவு, அதே மைதானம், ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். அங்கேதான் டிராகிலா 4.60 மீட்டர் தாண்டினார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடந்த முதல் கோலூன்றித் தாண்டுதல் அது. ஆண்களுக்கு 1896இலேயே வந்துவிட்ட போட்டி, பெண்களுக்கு வர 104 வருஷம் ஆனது.

அப்போது அவருக்கு வயது 29. ஐடஹோவில் படித்த காலத்தில் அவர் ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானின் வீராங்கனை, அந்த ஏழில் கோலூன்றுதல் கிடையாது. பயிற்சியாளர் டேவ் நீல்சன் சொல்லித்தான் கோலைக் கையில் எடுத்தார். பெண்களுக்குத் தோள்பலம் போதாது என்று சொல்லிவந்த காலம். ஆனால் தோள் மட்டுமா வேலை செய்கிறது? வேகம் குறையாமல் ஓடிவந்து, கோலின் நுனியைத் தரையிலுள்ள பெட்டிக்குள் சரியாகக் குத்தி, அது வில்லாக வளைந்து நிமிர்கிற நேரத்தில் கால் மேலே தலை கீழே என்று புரண்டு, குறுக்குக் கம்பியில் நெஞ்சு படாமல் கோலை விட வேண்டும். தடை ஓட்டமும் நீளத் தாண்டுதலும் பழகிய உடம்புக்கு அது வந்தது. 1997இல் முதல் உலக உள்ளரங்கப் பட்டம், 1999 செவில்லில் முதல் உலகப் பட்டம், 2001இல் 4.81 உலக சாதனை. சிட்னியில் அவர் தாண்டிய உயரம், 1956 ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம் வென்ற 4.56ஐ விட அதிகம். சரி, கோல்கள் மாறிவிட்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த உயரத்துக்குப் பெண் உடம்பு ஆகாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எனக்கு அதிகம் வலிப்பது எம்மா ஜார்ஜை நினைத்தால்தான். அந்த ஆஸ்திரேலியப் பெண் 1996 ஜூலையில் சப்போரோவில் 4.45 தாண்டி உலக சாதனை படைத்தார். அதே மாதம் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தொடங்கியது, அங்கே அவருக்குப் போட்டியே இல்லை.

இதையே இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறீர்கள். ஆண்களுக்கு 1912 முதல் டெக்கத்லான், பெண்களுக்கு 1984 முதல் ஹெப்டத்லான், அதோடு நின்றுவிட்டது. 2005இல் லிதுவேனியாவின் ஆஸ்ட்ரா ஸ்குயிட்டே டெக்கத்லானில் எடுத்த 8,358 புள்ளிகளை உலக சாதனையாக ஏற்றுக்கொண்டீர்களே, அப்புறம் ஒலிம்பிக்கில் இடம் கொடுக்க என்ன தடை?

2032 பிரிஸ்பேன் அட்டவணையில் பெண்கள் டெக்கத்லானைச் சேருங்கள். அந்த வருஷம் 29 வயதாகப்போகிற ஒருத்தி இப்போது எங்கோ ஏழு போட்டிகளுக்கு மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பாள். கோலையும் வட்டையும் கையில் எடுத்துப் பழக அவளுக்கு வருஷங்கள் வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.