தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கிறது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நலம்; நலமறிய ஆவல்.

"அப்பாவும் இல்லாமல் மதுரையில் எப்படியம்மா பொழுது போகிறது?" என்று போன வாரம் கேட்டாய். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருந்ததால் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

மாலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெப்பக்குளம் போய்விடுவேன். உங்களுக்கு அது கிரிக்கெட் மைதானமாக இருந்த இடம். தண்ணீரில்லாததால் தைப்பூசத்துக்கு மீனாட்சியம்மனுக்கே அப்போதெல்லாம் ஓடாமல் நிற்கும் நிலைத்தெப்பம்தான். இப்போது வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிற்கிறது. திருமலை நாயக்கர் 1645-இல் கட்டிய குளம் குளமாகவே இருக்கிறது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம் என்பார்கள். பள்ளமோ குளமோ, சுற்றுச்சுவரில் உட்கார்ந்தால் தண்ணீர்மேல் வரும் காற்றுக்குக் காசு கேட்பாரில்லை.

அடுத்தது பருத்திப்பால். வண்டிக்காரர் அடி பிடிக்காமல் ஒருமுறை துழாவிவிட்டுத்தான் ஊற்றுவார். முதல் வாயில் கருப்பட்டி, அப்புறம்தான் சுக்கு தொண்டையில் ஏறும். டம்ளரின் அடியில் தேங்காய்த் துருவல் தங்கும். அதை விரலால் வழித்துத் தின்ன எனக்கு வெட்கமில்லை. சர்க்கரை இருக்கிறதே என்பாய். டாக்டரிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

திரும்பும்போது ஒரு முழம் மல்லிகை. கை நீளமான பூக்காரியாகப் பார்த்து வாங்கச் சொல்வார் உன் அப்பத்தா; இன்னமும் அப்படித்தான் வாங்குகிறேன். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறினால் அரை முழத்தோடு சரி. எதுவானாலும் பாதி அப்பா படத்துக்கு, பாதி என் தலைக்கு. முதல் நாள் எதிர்வீட்டுக்காரி ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும். ஆறு வயதிலிருந்து பூ வைத்துக்கொள்கிறவள் நான். உன் அப்பாவைப் பார்த்ததே இருபத்திரண்டில். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு மாதமாக யோசித்தேன். சொல்லிவிட்டேன்.

தைத் தெப்பத்துக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடு. கரையில் நின்று வடம் பிடிக்கலாம்; நீ தண்ணீரில் தெப்பம் ஓடிப் பார்த்ததில்லையே.

மணி ஐந்தேகால். இன்னும் தாமதித்தால் வண்டியில் தேங்காய் தீர்ந்துவிடும். கிளம்புகிறேன்.

உன் அம்மா