ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைச் சுற்றுலா: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை தமிழ் வகுப்புகளுக்குப் பதிலாக ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறோம். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறினால் ரயிலின் கடைசி நிலையம். இறங்கித் தேம்ஸ் பாலத்தைக் கடந்தால் வாசல்.

எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் கர்தினால் வுல்சி 1515-இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. மன்னர் முதல் மனைவியிடமிருந்து கேட்ட மணவிலக்கை வாங்கித் தர முடியாமல் வுல்சி செல்வாக்கு இழந்தபின் அது மன்னரின் சொத்தானது. 1689 முதல் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் பின்பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டினார். முன்னும் பின்னும் இரண்டு அரண்மனைபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெருமண்டபத்தின் மரத்திரையில் ஹென்றி, அவரது இரண்டாம் மனைவி ஆன் போலின் ஆகியோர் பெயர்களின் முதலெழுத்துகள் பின்னிக் கிடக்கின்றன. 1536-இல் ஆனின் தலை வெட்டப்பட்டதும் அவரது சின்னங்களை நீக்கினார்கள், இது தப்பிவிட்டது.

அதிக நேரம் ஒதுக்கியிருப்பது 1540-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்துக்கு. அதில் சூரியன் பூமியைச் சுற்றும். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் வந்தது 1543-இல்தான். மணி, மாதம், நிலவின் நிலையோடு, லண்டன் பாலத்தில் ஆற்றுநீர் எப்போது உச்சத்துக்கு ஏறும் என்றும் காட்டும். மன்னர் படகில் போய்வருபவர். நீர் இறங்கும்போது அக்காலப் பாலத்தின் நெருக்கமான தூண்களுக்கிடையே வெள்ளம் சீறிப் பாயும், படகு கவிழும். ஆகவே ஆற்றுநீர் ஏறும் நேரத்தைக் காட்டுவது அலங்காரமல்ல, உயிர்காப்பு. அதைப் பிள்ளைகளே படித்துச் சொல்ல வேண்டும்.

செடிவேலிப் புதிர்ப்பாதையில் நுழைந்ததும் ஒரு கையை வேலியில் வைத்து, எடுக்காமல் நடந்தால் நடுவுக்குப் போய்விடலாம். ஓடும் பிள்ளைகள் பாதி வழியில் எதிர்வேலிக்குக் கையை மாற்றுவார்கள். அங்கேதான் சுற்றிச் சுற்றி வருவது தொடங்கும். இதை வீட்டிலேயே விளக்கிவிடுங்கள்.

1768-இல் நட்ட திராட்சைக்கொடி இன்றும் காய்க்கிறது. கொடி கண்ணாடி வீட்டுக்குள், வேர் வெளியே. பக்கத்து வெற்று நிலம் அந்த வேருக்காகவே சும்மா விடப்பட்டது. அதில் யாரும் கால் வைக்கக்கூடாது.

முற்றங்களில் உருண்டைக்கல் தளம், ஆதலால் தட்டையான காலணி அவசியம். மழைச்சட்டையும் மதிய உணவும் கொடுத்துவிடுங்கள். அறைகளுக்குள் சாப்பிட முடியாது, தோட்டத்தில்தான் உட்காருவோம். கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். ஒவ்வாமை மருந்து எடுக்கும் பிள்ளைகளின் மருந்தைப் பெயர் எழுதிப் பொறுப்பாசிரியரிடம் நேரில் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்