லேகாக்குக்கு வேன் பிடித்து வரும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். போன மாதம் லண்டனிலிருந்து வந்த நம் குழுவை வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக் அப்பி என்ற பழைய மடத்து வீட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஹாரி பாட்டர் சினிமா எடுத்த தாழ்வாரத்தில் எல்லோரும் முறை வைத்து நின்று படம் பிடித்துக்கொண்டீர்கள். முக்கால் மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது. ஏறும்போது ஒரு நண்பர், "ஒட்டுப்போட்ட வீடுங்க இது. ஒரு பக்கம் சர்ச், ஒரு பக்கம் கோட்டை" என்று அலுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த ஒட்டுகளைக் காட்டத்தான் உங்களைக் கூட்டிப்போனேன், காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த குழு கிளம்புவதற்குள் இதையாவது எழுதிவிடுகிறேன்.

முதலில், இறங்கியதும் உள்ளே ஓடாதீர்கள். தெற்குப் பக்கப் புல்வெளிக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். அது வீட்டுக்கென்று எழுப்பிய சுவரே அல்ல, ஒரு தேவாலயத்தின் வடக்குச் சுவர். நீங்கள் நிற்கும் புல்தரைதான் தேவாலயத்தின் உள்பக்கம். கணவனை இழந்த சாலிஸ்பரி சீமாட்டி எலா 1232-இல் அடிக்கல் நாட்டிய கன்னியர் மடம் இது. பிற்பாடு அவரே இங்கு மடத்தலைவியாகவும் இருந்தார். முந்நூறு வருஷம் நடந்த மடத்தை, எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-இல் இழுத்து மூடினார்கள். மறுவருஷம் வில்லியம் ஷாரிங்டன் 783 பவுண்டுக்கு வாங்கினார்.

இந்த ஷாரிங்டன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரிஸ்டல் நாணயச்சாலையில் பொறுப்பில் இருந்துகொண்டே காசில் கைவைத்து, 1549-இல் மாட்டிக்கொண்டு, மன்னிப்பு வாங்கித் தப்பியவர். ஆனால் கட்டடம் என்று வந்தால் கைதேர்ந்தவர். தேவாலயத்தை இடித்தார். தாழ்வாரத்தை ஒட்டி நின்ற அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தார். கன்னியர் படுத்த கூடமும் சாப்பிட்ட கூடமும் மாடியில் இருந்தன. அவற்றையே அறைகளாக மாற்றிக்கொண்டு மாடியில் குடியேறினார். கீழே இருந்த தாழ்வாரத்தையும் அதை ஒட்டிய அறைகளையும் பெரிதாகத் தொடவில்லை. நீங்கள் வரிசையில் நின்று படம் எடுத்த இடம் இன்றைக்கும் இருக்கிறதென்றால், அவர் மாடியில் குடியேறியதுதான் காரணம். நண்பர் கோட்டை என்று நினைத்தது தென்கிழக்கு மூலையில் அவர் எழுப்பிய எட்டுப்பட்டைக் கோபுரமாக இருக்க வேண்டும். அது சண்டைக்குக் கட்டியது இல்லை. மேலே ஏறி நின்று நாலாபக்கமும் பார்க்கவும் விருந்து வைக்கவும் கட்டியது. சுகவாசிக் கோபுரம்!

அப்புறம் மேற்குப் பக்கத்துப் பெரிய கூடம். கூர் வளைவும் அலங்காரமுமாக, இதுதான் மடத்தின் மிகப் பழைய பகுதி என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஏமாந்துவிடாதீர்கள். 1750-களில் சாண்டர்சன் மில்லர் என்பவர் வடிவமைத்த, பழசு மாதிரியே செய்த புதுசு அது. எனக்கு அது கொஞ்சம் ஜம்பமாகத்தான் படுகிறது. நிஜமாகவே பழசான கீழ்த்தள அறைகள் எவ்வளவு அடக்கமாக இருக்கின்றன! ஆனாலும் கூடத்துச் சுவரில் இருக்கும் சுடுமண் சிற்பங்களில் ஆட்டைத் தேடிப்பாருங்கள். மூக்கின் மேல் சர்க்கரைக்கட்டி ஒன்று இருக்கும். பிள்ளைகளை அங்கே விட்டால் நமக்குப் பத்து நிமிஷம் நிம்மதி.

போன தடவை யாருமே ஏறாத இடம், மாடியில் இருக்கும் தெற்குக் கூடம். 1830-ஐ ஒட்டி இந்த வீட்டில் இருந்த, புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், அந்தத் தேவாலயச் சுவரைக் குடைந்து, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மூன்று ஜன்னல்களை வைத்தார். பழைய சுவரில் ஓட்டை போடலாமா என்று இன்றைக்கென்றால் ஊரே கூடிச் சண்டை போடும். 1835 ஆகஸ்டில் அதில் நடு ஜன்னலுக்கு எதிரே ஒரு குட்டிக் கேமராவை வைத்தார். அவர் மனைவி அந்தப் பெட்டிகளை எலிப்பொறி என்று கேலி செய்வாராம். தபால்தலை அளவுக் காகிதத்தில் ஜன்னல் தலைகீழ் நிறத்தில் விழுந்தது. வெளிச்சம் வந்த கண்ணாடிகள் கறுப்பு, நடுவே ஓடும் சட்டங்கள் வெளுப்பு. பூதக்கண்ணாடி வைத்தால் இருநூறு கண்ணாடிச் சதுரங்களையும் எண்ணலாம் என்று குறிப்பு எழுதிவைத்தார். இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கும் கேமரா நெகட்டிவ்களில் மிகப் பழையது அதுதான்.

எலாவின் காலத்துத் தேவாலயம், ஷாரிங்டன் விட்டுவைத்த சுவர், டால்பட் குடைந்த ஜன்னல். ஒட்டு என்று நண்பர் சொன்னது இதைத்தான். 1944-இல் டால்பட் குடும்பத்து மடில்டா வீட்டையும் ஊரையும் சேர்த்து பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டதால் நாமும் உள்ளே போய்ப் பார்க்க முடிகிறது.

வேன் டிரைவரிடம் இந்த முறை மூன்று மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தாழ்வாரத்தில் தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஃபோனில் கொஞ்சம் சார்ஜை மட்டும் அந்த நடு ஜன்னலுக்கு மிச்சம் வையுங்கள்.

அன்புடன்,
சிப்பனத்திலிருந்து உங்கள் நண்பன்