பருந்து வரட்டும், அதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீர்

குளியல் கடற்கரைகளைப் பராமரிக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் அவற்றின் சுகாதாரப் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

பழக்கிய வல்லூறையோ பருந்தையோ கொண்டுவந்து கடற்காகங்களை (சீகல் பறவைகளை) விரட்டினால் குளிக்கும் தண்ணீர் சுத்தமாகும் என்ற யோசனை உங்கள் கூட்டங்களில் வருகிறது. நான் இதற்கு எதிரி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றாவது பத்தியிலேயே இதை மடித்து வைத்துவிடுவீர்கள். பருந்தை வேலைக்கு வைக்கும் முன் ஒரே ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகள் தன்னார்வலனாகக் கடல் தண்ணீர் மாதிரி எடுத்திருக்கிறேன். விடிந்தும் விடியாமலும் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டும். காலடியில் கிளம்பிய மணல் படியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலைக் கவிழ்த்தபடியே ஒரு சாணுக்கு மேல் இறக்கி, அலை வரும் பக்கம் வாயைத் திருப்பி நிரப்ப வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் பட்டுவிட்டால் அந்தப் பாட்டில் வீண்தான். அப்புறம் ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். அந்த நேரத்தில் கரையில் எனக்குத் துணை கடற்காகங்கள் மட்டுமே. ஈர மணலெங்கும் வெள்ளை வெள்ளையாக எச்சம் கிடக்கும். பெரிய அலை ஒன்று ஏறிவந்து அதை வழித்துக்கொண்டு இறங்கும், நான் பாட்டிலை முக்குகிற அதே இடத்துக்கு. ஆகவே பறவைகள் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்ததுதான்.

சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 விதிப்படி, கடற்கரைத் தண்ணீருக்கு உயர்ந்த தரம் கிடைக்க, எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 100 மில்லிலிட்டருக்கு, மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் குடல் பாக்டீரியாக்களான என்டரோகாக்கஸ் 100-க்குள்ளும் ஈ.கோலை 250-க்குள்ளும் இருக்க வேண்டும். கடற்காகத்தின் எச்சம் ஒரு கிராமில் இந்தக் கிருமிகள் லட்சக்கணக்கில் இருக்கும், சில நேரம் கோடிக்கணக்கிலும் போகும். போதாததற்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் அதில் வரக்கூடும்.

விரட்டினால் பலன் உண்டா என்றால், உண்டு. மிச்சிகன் ஏரிக்கரை ஒன்றில் பழக்கிய நாய்களை விட்டுத் துரத்திப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. (பெயரில்தான் கடல். ஏரியானாலும் குப்பைமேடானாலும் இந்தப் பறவைக்கு ஒன்றுதான்.) நாளுக்குச் சராசரியாக 665 பறவைகள் இருந்த கரையில் 17 ஆனது. பறவைகள் பாதியாகக் குறைந்தால் என்டரோகாக்கஸ் 38 சதவீதமும் ஈ.கோலை 29 சதவீதமும் குறைவதாகக் கணக்கு வந்தது. விரட்டத் தொடங்கும் முன் 64 சதவீத நாட்களில் அகப்பட்ட, மனிதருக்கு நோய் தரக்கூடிய கிருமிகள் விரட்டிய நாட்களில் அகப்படவே இல்லை. நாய் செய்ததைப் பருந்தும் செய்யும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். பறவை பாதியாகக் குறைந்தும் கிருமி பாதியாகக் குறையவில்லை. மிச்சக் கிருமி வேறு எங்கிருந்தோ வருகிறது. ஈர மணலுக்குள்ளேயே அது பல நாள் தங்கியிருக்கும். கரையொதுங்கி அழுகும் பாசியிலும் தங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மழைநீர்க் குழாயில் எங்கோ ஓர் இணைப்பு வழியாகக் கழிவுநீர் கலந்துகொண்டிருக்கலாம். ஈ.கோலையும் என்டரோகாக்கஸும் மனிதக் குடலிலும் உண்டு, நாயின் குடலிலும் உண்டு, பறவையின் குடலிலும் உண்டு. வழக்கமான சோதனை எண்ணிக்கையைச் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகிவிட இது போதும். கண்ணெதிரே நிற்பது பறவை, குழாய் மண்ணுக்குள் இருக்கிறது.

யாருடையது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைத் தேடும் சோதனை அது. எச்எஃப்183 என்ற அடையாளம் கிடைத்தால் மனிதக் கழிவு கலந்திருக்கிறது. கேட்டலிகாக்கஸ் மாரிமாமாலியம் என்ற பாக்டீரியாவின் அடையாளம் கிடைத்தால் கடற்காகம். இந்தப் பாக்டீரியாவை முதலில் கடல் பாலூட்டிகளிடம் கண்டெடுத்து அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள், கடைசியில் அது கடற்காகத்தின் முத்திரையாகிப்போனது. நான் கேட்கும் சோதனை இதுதான். மழை பெய்த மறுநாள் சில மாதிரி, வறண்ட நாளில் சில மாதிரி, குழாய் வாயருகே சில, தள்ளிச் சில. மனித அடையாளம் வந்தால் பருந்துக்கு ஒதுக்கிய பணத்தைக் குழாய் பார்ப்பவர்களிடம் கொடுங்கள். வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் போன்ற மனித வைரஸ்கள் வரும் வழி மனிதக் கழிவு. குளிப்பவருக்குப் பறவை எச்சத்தைவிட அதில்தான் ஆபத்து அதிகம்.

சரி, கடற்காகம்தான் என்று முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கூப்பிடுங்கள், நானே வந்து வேடிக்கை பார்ப்பேன். ஒரு பருந்துக்காரர் வேலை செய்வதை ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் வல்லூறைத் தராசில் நிறுத்தினார். கிராம் கணக்கில் எடையைக் குறித்துக்கொண்டார். கொஞ்சம் கூடினால் பசி இருக்காது, கூப்பிட்டாலும் திரும்பி வராது. குறைந்தால் பறக்கத் தெம்பிருக்காது. அப்புறம் கண்ணை மறைத்த தோல் தொப்பியின் வாரைப் பல்லால் ஒரு பக்கமும் விரலால் மறுபக்கமும் இழுத்துக் கழற்றினார். வல்லூறு தலையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டித் தூரத்தை அளந்தது, அவ்வளவுதான். அது கையுறையை விட்டுக் கிளம்பவே இல்லை, அதற்குள் கரையில் இருந்த அத்தனை கடற்காகமும் ஒரே வீச்சில் எழும்பிவிட்டது. பிறகு வல்லூறைப் பறக்கவிட்டார். அது பத்து நிமிடம் உயரத்தில் வட்டமிட்ட பிறகு, கயிற்றில் கட்டிய இறகுப் பொம்மையைச் சுழற்றி அதை இறக்கினார். ஒரு பறவைகூடச் சாகவில்லை.

இந்தத் தொழில் புதிதும் அல்ல. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் 1990-களிலேயே வல்லூறுகளை வைத்துப் பறவைகளை விரட்டினார்கள். விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் ரூஃபஸ் என்ற ஹாரிஸ் பருந்துக்குப் புறாக்களை அண்டவிடாமல் பார்ப்பதுதான் வேலை.

ஆனால் பருந்து விற்கிற பொருள் பயம். பயம் பழகிப்போகும். வாரத்துக்கு ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் பருந்தைக் கடற்காகங்கள் சீக்கிரமே கணக்கில் எடுத்துக்கொள்ளும். வண்டி எப்போது வரும், எப்போது போகும் என்பதுகூட அவற்றுக்குத் தெரிந்துவிடும். நேரம் மாற்றி, இடம் மாற்றி, விடியலில் தொடங்கி, குளியல் காலம் முழுவதும் பறக்க வேண்டும். அடைமழையில் வல்லூறு பறக்காது, இரவிலும் பறக்காது. அழுக்கு அதிகம் அடித்துவரப்படுவதோ மழையில். கோடையில் அது பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். பலர் அந்த மாதங்களில் தங்கள் பறவைகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள், உங்களுக்குக் கூட்டம் வருவதோ அதே மாதங்களில்தான். ஒப்பந்தம் போடும் முன் இதை நேராகக் கேளுங்கள். இன்னொன்று, இங்கிருந்து கிளம்பிய கடற்காகம் மாயமாகாது. பக்கத்துக் கரையில் போய் உட்காரும். அந்தக் கரையைப் பார்க்கிற மன்றத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் அவர்களும் ஒரு பருந்தைக் கூப்பிட்டு உங்கள் பக்கமே திருப்பி அனுப்புவார்கள்.

அதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். கடற்காகம் கடலைப் பார்க்க வருவதில்லை, தொட்டியில் வழியும் மிச்சச் சாப்பாட்டுக்கு வருகிறது. மூடி தானாக மூடிக்கொள்ளும் தொட்டியை வையுங்கள். கூட்டம் கலைந்த மாலையிலேயே காலி செய்யுங்கள், மறுநாள் காலை வரை விடாதீர்கள். பறவைக்குத் தீனி போடுகிறவர்களிடம் ஆள் வைத்துப் பேசுங்கள். தொட்டி திறந்து கிடக்கிற கரையில் பருந்து பறப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை.

ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும். விரட்டலாம், வேட்டையாடக் கூடாது. பிரிட்டனில் 1981 சட்டமும் அமெரிக்காவில் 1918 சட்டமும் கடற்காகங்களுக்குப் பாதுகாப்பு தருகின்றன. பிரிட்டனில் ஹெர்ரிங் கடற்காகம் எண்ணிக்கை சரிந்து, அதிகக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. கரையில் நாம் பார்க்கும் கூட்டத்தை வைத்து யாரும் நம்பமாட்டார்கள். அதோடு, பறவைக் காய்ச்சல் வந்த கடற்காகத்தைப் பிடித்துத் தின்ற பருந்தும் செத்துப்போகலாம். மணலில் ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடும் மாதங்களில் அந்தப் பகுதிப் பக்கமே வல்லூறு போகக் கூடாது. தாய் எழுந்து பறந்தால் வெயிலில் முட்டை கெட்டுவிடும். வல்லூறின் காலில் இடம்காட்டும் கருவி இருக்கட்டும், வேலை இல்லாத நேரத்தில் அதற்கு நிழலும் தண்ணீரும் கிடைக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பருந்து வந்தால் அதன் படத்தோடு பெரிய பலகை வைப்பீர்கள், தெரியும். அதே பலகையில் மூன்று எண்களையும் எழுதுங்கள்: பருந்து வருவதற்கு முந்தைய பருவத்தின் கிருமி எண்ணிக்கை, வந்த பிறகான எண்ணிக்கை, காலையில் எண்ணிய கடற்காகங்கள். வழக்கமான சோதனையில் முடிவு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும், அதனால் மாதிரி எடுத்த தேதியும் பக்கத்தில் இருக்கட்டும். பாட்டில் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். ஐஸ் பெட்டி என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
தினமும் காலையில் அந்தத் தண்ணீரில் இறங்கும் ஒருவன்